துண்டுக்குள் வைத்த விலை

புதன்கிழமை

இன்றைக்கு வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். காரணத்தை வரிசையாக எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து எல்லாம் என் தப்பினால்தான் நடந்தது என்று நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன். (என் தப்பாகவும் இருக்கலாம். எழுதி முடித்துப் பார்ப்போம்.)

பகலில் நான் ராஜபாளையத்தில் சௌதா அக்காவின் தறி ஷெட்டில் பில் போடுகிறேன். அங்கே நெய்வது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு மம்சாபுரத்துக்கு வீடு திரும்புகிறேன். வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆனால் ஷெட்டில் ஃபேன் நின்றால்கூட, "மாரீஸ்வரியக் கூப்பிடுங்க, அவ படிக்காள்ல" என்கிறார்கள். ஃபேனைப் பற்றி எங்களுக்கு இன்னும் பாடம் வரவில்லை என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

பொங்கலோடு ஒரு பெரிய வாடிக்கையாளர் துணி வாங்குவதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து எட்டுத் தறியில் நாலு சும்மா நிற்கிறது. தறி ஓட்டும் சண்முகத்தாய் அக்காவும் மற்றவர்களும் முறை வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறார்கள். போன வாரம் ஒரு ஆள் வந்து அந்த நாலு தறியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். விற்கப் போவதாகச் சௌதா அக்கா வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த நிலைமையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, வருஷம் முழுவதற்கும் பேண்டேஜ் துணி வேண்டும், விலையை மெயிலில் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. கடைசி நேரம் இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணி. ஆர்டர் கிடைத்தால் தறி ஓடும். கிடைக்காவிட்டால் தறி போகும்.

சௌதா அக்காவின் வீட்டுக்காரர் காதர் பாய் ஆட்டு வியாபாரி. சந்தையில் விலை பேசும்போது இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைத் தொட்டுத் தொட்டே விலை முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இதிலேயே ஊறிப்போனவர் பாய். நான் விலைப்பட்டியலை டைப் செய்து, அக்கா கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"துண்டு போட்டாச்சா?"

"என்ன துண்டு பாய்?"

"ஏட்டி, வெலைய அம்மணமாவா அனுப்புவாக? அந்த ஆஸ்பத்திரி ஆபீஸ்ல சிவனாண்டியோட அக்கா மகன் வேலை பாக்கான். நம்ம வெல அவன் கண்ணுல பட்டா, அஞ்சு நிமிசத்துல சிவனாண்டி நம்மளவிடக் கொறச்சுப் போட்டுருவாரு."

சிவனாண்டி அண்ணாச்சி அடுத்த தெருவில் இதே துணியை நெய்பவர். பாய் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஃபைலை ஜிப் செய்து பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். ஐந்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்ப உட்கார்ந்தேன். ஃபைல் மெயிலில் ஏறவே இல்லை. பாதி வரைக்கும் போய்ப் பச்சைக் கோடு அப்படியே நின்றது. மெயிலை மூடித் திறந்தேன். மறுபடியும் பாதி. வேறு எதையும் தொடுவதற்கு முன் கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு ஆன்ட்டிவைரஸ் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று சௌதா அக்கா காசு கொடுத்து வாங்கியது. இன்னொன்று எங்கிருந்து வந்தது?

"நான்தான் ஏத்தினேன்" என்றார் பாய். "ஓசில குடுத்தாங்க. காவலுக்கு ஒரு நாய் இருந்தா தூங்கிரும். ரெண்டு இருந்தா ஒன்னுக்கொன்னு போட்டி போட்டு முழிச்சிருக்கும்ல."

"ரெண்டும் ஒன்னப் பாத்து ஒன்னு கொலைக்குது பாய். ஃபைல ஒன்னு பிடிச்சிருக்கு, அது ஏன் பிடிச்சிருக்குன்னு இன்னொன்னு அதப் பிடிச்சிருக்கு."

"ராஜபாளையத்து நாய்னா அப்படித்தான்" என்று சௌதா அக்கா உள்ளிருந்தே சிரித்தார். "அந்த ஓசி நாய மொதல்ல அவுத்து விடு."

இலவசமானதை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஃபைல் ஏறியது. மெயில் போனது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் முயற்சியிலேயே காரணம் கிடைத்தால் வேறு ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். இந்தத் தடவை தோன்றியது சரிதான்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து விஜயபாண்டி சார் போன் செய்தார். கொள்முதல் பார்ப்பவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், பேச்சும் அப்படியேதான் இருக்கும்.

"ஏம்மா, மெயில் வந்திருக்கு. உள்ள வெல இல்ல."

"அட்டாச்மென்ட் வெச்சிருக்கேன் சார்."

"இல்ல. அது இருக்க வேண்டிய எடத்துல, 'இணைப்பு நீக்கப்பட்டது'ன்னு ஒரு சீட்டு இருக்கு."

நான் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன். என் பக்கம் ஃபைல் இருந்தது. அதை என் சொந்த மெயிலுக்கு அனுப்பிப் பார்த்தேன். முழுசாக வந்தது. அப்படியானால் கோளாறு நம்மிடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பட்டாளத்துக்காரரிடம் கோளாறு உங்களுடையது என்று சொல்வதற்கு முன் இன்னும் இரண்டு சோதனை செய்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு சாதாரணப் படம் அனுப்ப நினைத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த படமெல்லாம் பாய் விற்ற ஆடுகளின் படம்தான். நல்ல கொம்பாகப் பார்த்து ஒன்றை அனுப்பினேன்.

"ஆடு வந்துருச்சு" என்றார் விஜயபாண்டி சார். "வெல எங்கம்மா?"

அடுத்து, விலை எழுதாத வெற்றுப் பட்டியலைப் பூட்டாமல் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. அதே வெற்றுப் பட்டியலைப் பூட்டி அனுப்பினேன். போகவில்லை.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சௌதா அக்கா பொறுமை இழந்துவிட்டார். "நீ படிக்கது கம்ப்யூட்டராட்டி, நாட்டு வைத்தியமா? ஒரு நேரத்துக்கு ஒரு கசாயமாக் குடுத்துக்கிட்டு இருக்க."

"தெரிஞ்சிருச்சுக்கா. பூட்டுதான் காரணம். அவிய ஆன்ட்டிவைரஸ் வர்ற ஃபைலெல்லாம் பிரிச்சுப் பாத்துத்தான் உள்ள விடுது. பூட்டியிருந்தா பிரிக்க முடியல. அதனால தூக்கி வெளிய போட்டுருது."

விஜயபாண்டி சாரிடம் கேட்டேன். அதுவேதான். "பைய தொறந்து காட்டாதவன கேட்டுக்குள்ள விடக் கூடாதும்மா. அதான் முறை" என்றார். எங்களுக்காக மட்டும் அதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டதற்கு, அது மதுரைத் தலைமை ஆபீஸின் கையில் இருக்கிறது, தன் கையில் இருந்தாலும் நிறுத்த மாட்டேன் என்றார். பென்டிரைவில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து தரலாமா என்று பாய் பின்னாலிருந்து கத்தினார். பென்டிரைவை ஆஸ்பத்திரிக்குள்ளேயே விடுவதில்லை என்று போனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

போனை வைத்ததும் பாய்க்கு ஒரு யோசனை உதித்தது. உதித்தபோதே நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும்.

"மாரி, ஆடு உள்ள போச்சுல்ல?"

"போச்சு பாய்."

"அப்ப வெலைய ஆடு மாதிரி அனுப்பு. ஃபைலோட பேர மாத்து. ஆட்டுப் படம்னு போடு. கதவுல நிக்கவன் ஆடுன்னு நெனச்சு விட்ருவான்."

அப்படிச் செய்யக் கூடாது என்று எங்கேயோ படித்த ஞாபகம். எங்கே என்று தேடுவதற்குள் மணி ஆகிக்கொண்டிருந்தது. நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் எனக்கு எப்போதும் எளிது. பூட்டிய ஃபைலின் பெயருக்கு வாலாக இருந்த zip என்பதை, படத்துக்கு வரும் jpg என்று மாற்றி அனுப்பினேன்.

இந்தத் தடவை விஜயபாண்டி சாரிடமிருந்து போன் வரவில்லை. மெயில்தான் வந்தது, அதுவும் ஆள் எழுதியது இல்லை. மாறுவேடத்தில் ஃபைல் அனுப்பியதால் எங்கள் முகவரியிலிருந்து வரும் எதையும் இனிமேல் ஏற்க மாட்டோம் என்று இருந்தது. சும்மா ஒரு வணக்கம் எழுதி அனுப்பிப் பார்த்தேன். அதுவும் திரும்பி வந்தது. வேறு முகவரியிலிருந்து அனுப்பவும் வழியில்லை. பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால்தான் விலை செல்லும் என்று ஆஸ்பத்திரி முன்பே சொல்லியிருந்தது.

சௌதா அக்கா சிரிக்கவில்லை. நிற்கும் தறிகள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

"வெல போகலன்னா வேற வழி பாக்கலாம்னு இருந்துச்சு. இப்ப நம்ம பேரே போகல. ஆட்ட விட்டு வேலிய மேய விட்டுட்டியளே."

பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

நான் விஜயபாண்டி சாருக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன்.

"மீசைய மழிச்சுட்டு வந்தா கேட்ல அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியாம்மா?"

"தப்புதான் சார்."

"யாரு யோசன இது?"

பாய் என் முன்னால் நின்று இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். "இங்க எல்லாரும் சேர்ந்துதான் சார்" என்றேன்.

"சரி. மதுரைக்கு எழுதி முகவரிய விடச் சொல்லுதேன். ஆனா அஞ்சு மணி அஞ்சு மணிதான். அதுக்குள்ள விட்டாத்தான் உண்டு."

காத்திருந்தோம். தறிச் சத்தம் பாதிதான் என்பதால் கடிகாரச் சத்தம்கூடக் கேட்டது. அப்போது என் போனில் ஒரு செய்தி வந்தது. வகுப்பில் எனக்கு அடுத்த கம்ப்யூட்டரில் உட்காரும் விக்னேஸ்வரன். பூட்டி அனுப்பும் ஃபைல் எல்லாம் வழியில் காணாமல் போகிறது, உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தான். அப்போதுதான் கண்டுபிடித்த விஷயம், அதுவும் நான் சோதனை செய்து கண்டுபிடித்தது. எனக்கு அப்படி அடிக்கடி வாய்ப்பதில்லை. உடனே பதில் போட்டேன்: "பூட்டை எடுத்துவிட்டு அனுப்பு. அந்தப் பக்கத்து ஆன்ட்டிவைரஸ் பூட்டியதை விடாது. பெயரை மட்டும் மாற்றாதே."

போட்ட பிறகுதான் விக்னேஸ்வரன் எங்கே வேலை பார்க்கிறான் என்பது ஞாபகம் வந்தது. சிவனாண்டி அண்ணாச்சி ஷெட்டில். எனக்கு இங்கே என்ன வேலையோ அவனுக்கு அங்கே அதே வேலை.

மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்து வைத்தால் என் முகமே சொல்லிவிடும். சொல்லிவிட்டேன்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட பாவி மகளே! அண்ணாச்சியும் துண்டு போட்டுத்தான் அனுப்பியிருக்காரு! அது வாசல்லயே நின்னுருக்கும். நாம மட்டும்தான் உள்ள போயிருப்போம். வெலையக்கூடக் கொஞ்சம் ஏத்திப் போட்டிருக்கலாம். நீ போயி வாசலத் தொறந்து, வாங்க அண்ணாச்சி, காப்பி சாப்பிடுதியளான்னு கேட்டுட்டு வந்துருக்க."

"நாமளே இன்னும் உள்ள போகல" என்றார் சௌதா அக்கா. "ஆடு கட்டிப் போட்ட எடத்துல நிக்கோம்."

"இருந்தாலும்..."

"இருந்தாலும் என்ன? ஊர்ல தறி வெச்சிருக்க அம்புட்டு பேரும் ஒங்கள மாதிரித்தான் இருக்காக. வெலைய பொண்டாட்டிட்டகூடச் சொல்ல மாட்டாக. இந்நேரம் எல்லா ஷெட்டு மெயிலும் ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையா நிக்கும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் இருக்கும்போது விஜயபாண்டி சார் கூப்பிட்டார். மதுரையிலிருந்து விட்டுவிட்டார்களாம். நான் பூட்டில்லாத பட்டியலை ஏற்றி, முகவரியைச் சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, அனுப்பு என்ற பொத்தானில் அம்புக்குறியை வைத்தேன். சௌதா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த பொறு."

"எதுக்குக்கா?"

"இப்ப அனுப்பினா அந்த அக்கா மகன் பாத்து அண்ணாச்சிக்குச் சொல்ல நேரம் இருக்கு. கடைசில அனுப்பினா பாத்தாலும் ஒன்னும் பண்ண முடியாது. துண்டு வேண்டாம். நேரமே துண்டு."

பாய் அவரைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சக வியாபாரியைப் பார்த்ததுபோல் இருந்தது.

ஆட்டுப் படம் அந்தப் பக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்த்து வைக்கவில்லை. எதையெதையோ குறித்து வைத்தேன், அதை மட்டும் குறிக்கவில்லை. வழியில் ஆன்ட்டிவைரஸ் நின்று நிதானமாகப் பிரித்துப் பார்த்தால்? கரண்டு போனால்? "அக்கா, போதும்க்கா" என்றேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். "அக்கா." "இரு." பாய் மூச்சு விடுவது கேட்டது.

"இப்ப."

அழுத்தினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. போன் அடித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

"வந்துருச்சு" என்றார் விஜயபாண்டி சார். "தொறந்தும் பாத்துட்டேன். மணி இன்னும் அஞ்சாகல."

ஓடிப்போய் பஸ் பிடித்தும் வகுப்புக்குத் தாமதம்தான். விக்னேஸ்வரன் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தான். அவர்களுடைய மெயிலும் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போச்சு. ஆனா ஒன்னால உயிரே போச்சு. பூட்ட எடுங்கன்னு நீ சொன்னத அண்ணாச்சிட்ட சொன்னேன். 'காதர் ஷெட்டுப் பிள்ள எதுக்குல நமக்கு யோசன சொல்லுது? இதுல என்னமோ இருக்கு'ன்னு நாற்காலியில உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிட்டாரு. கடைசி வரைக்கும் யோசிச்சாரு. 'அண்ணாச்சி, அவ சூது பண்ற ஆளு இல்ல, அவளுக்கு அவ்வளவு வெவரம் பத்தாது'ன்னு நான் சத்தியம் பண்ணுன பொறவுதான் அனுப்பவே விட்டாரு."

நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வகுப்பு முடியும் வரை யோசித்தேன்.

திங்கள்கிழமை

விஜயபாண்டி சார் காலையில் போன் செய்தார். ஆர்டரை இரண்டாகப் பிரித்துவிட்டார்களாம். பாதி எங்களுக்கு, பாதி சிவனாண்டி அண்ணாச்சிக்கு. இரண்டு விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒருத்தருக்கு முடியாமல் போனால் இன்னொருத்தர் இருப்பார் என்று மேலே அப்படி முடிவு செய்திருக்கிறார்கள். மற்ற ஷெட்டுகளின் மெயில் எல்லாம் பூட்டோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டது.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பாயும் கேட்டுக்கொண்டிருந்தார். போன் இருப்பதை மறந்து என்னைப் பார்த்து, "பாதிய அள்ளி அடுத்த தெருவுல போட்டுட்டியேட்டி" என்றார்.

விஜயபாண்டி சாருக்கு அது கேட்டுவிட்டது. "பாயா அது? பூட்ட எடுன்னு அண்ணாச்சி ஷெட்டுக்குச் சொன்னது இந்தப் பிள்ளதானா? அந்தப் பிள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க. ஒரே ஒரு வெல வந்திருந்தா அது செல்லாது. எல்லார்ட்டயும் மறுபடி முதல்ல இருந்து கேட்டிருப்போம். அடுத்த தடவ எல்லாரும் தொறந்து அனுப்பியிருப்பாக. போட்டி எம்புட்டு இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க."

பாய் யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. போனை வைத்தவுடன் வாசலில் நின்ற சண்முகத்தாய் அக்காவிடம், "இத முன்னாலயே கணக்குப் பண்ணித்தான் நான் மாரிட்ட, அந்தப் பையனுக்குச் சொல்லிருன்னு சொன்னேன்" என்றார்.

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். விக்னேஸ்வரனுக்கு நான் நல்லெண்ணத்தில் சொன்னதாகவும் சொல்ல முடியாது. பெருமையில் சொன்னேன். அது எப்படியோ சரியாக வந்துவிட்டது என்பதற்காக, செய்தது சரியாகிவிடுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாதி ஆர்டர் என்பதால் நின்றிருந்த நாலு தறியில் மூன்றுக்குத்தான் வேலை இருக்கிறது. நாலாவதை விற்கத்தான் போகிறார்கள். "அது எப்பவும் மக்கர் பண்ற தறிதானே" என்றார் சௌதா அக்கா, என்னைப் பார்க்காமல். சண்முகத்தாய் அக்கா நாளைக்கும் வரணுமா என்று கேட்டார். "நாளைக்கு, நாளக்கழிச்சு, எல்லா நாளும் வரணும். லேட்டா வந்தா வாசல்லயே நிப்பாட்டிருவேன்" என்றார் அக்கா.

மத்தியானத்துக்கு மேல் மூன்று தறியும் ஓட ஆரம்பித்தன. பாய் என் மேஜை பக்கம் வந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி எதையோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் போட்ட திட்டத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். ஏழு தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சரி பாய், சரி பாய் என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.